முற்று வரும் வரை

கல்யாணப் பத்திரிகை படிக்கத் திணறியவர் உண்டா? 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி ஆண்டு, மாதம், நட்சத்திரம், லக்னம், இரு வீட்டுத் தாத்தாக்கள், மண்டபம் என அத்தனையையும் சுமந்து வந்த பிறகுதான் 'வேண்டுகிறோம்' என்ற முற்று வரும். கிரயப் பத்திரம் அதைவிட மோசம். நிலம் போய்விடுமே என்ற பயத்தில் அதையும் வரி விடாமல் படிக்கிறோம். நாவலில் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடினால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

பத்திரிகையில் எது எங்கே இருக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். நாவலாசிரியரோ தன் வரிசையைத் தானே வகுக்கிறார். அது பழக இருபது முப்பது பக்கமாவது வேண்டும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் சுமை இன்னும் கூடுகிறது. எச்சங்களையெல்லாம் மனத்தில் தாங்கியபடி போக வேண்டும். கடைசியில் ஓர் 'இல்லை' வந்து அத்தனையையும் கவிழ்த்துவிடவும் கூடும். சங்கப் பாட்டான முல்லைப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அது 103 அடிதான். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரே அடிகளை இடம் மாற்றிக் கூட்டித்தான் அதற்கு உரை சொன்னார். பாட்டு கிடக்கிற வரிசையிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்று 1903-இல் மறைமலையடிகள் ஆராய்ச்சியுரை எழுதினார். நான் மறைமலையடிகள் கட்சி. பாட்டில் போருக்குப் போனவனுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். இடையில் பாசறை வருணனை விரிந்துகொண்டே போகிறது. தேர்க்குதிரைகளின் ஒலி முடிவில்தான் கேட்கிறது. அடிகளை மாற்றிப் போட்டால் செய்தி தெளியும், அவள் காத்திருந்தது நமக்கு உறைக்காது. நாவலிலும் இது நடக்கும். கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் ஒரு சர்வாதிகாரியைப் பற்றி 1975-இல் வெளியிட்ட நாவலின் கடைசி அத்தியாயம் முழுவதும் ஒரே வாக்கியம். ஆட்சி முடியாமல் நீளும் அலுப்பை மூச்சிலேயே உணர்த்துகிறார் மனிதர்.

எங்கள் வயதுக்காரர்கள் பேச்சும் இப்படித்தான். 'விஷயத்துக்கு வாங்க தாத்தா' என்கிறார்கள் பிள்ளைகள். சுற்றிவளைப்பதாகத் தோன்றுகிற இடத்தில்தான் பல நேரம் விஷயமே இருக்கிறது. மனக்குறை சொல்ல வந்தவரை நடுவில் மடக்கினால், அவர் கடைசியில் சொல்ல வைத்திருந்தது வெளியே வராமலே போகும்.

நீண்ட வாக்கியத்தைப் படிக்கும்போது வாய்விட்டு முணுமுணுங்கள். எங்கே நிறுத்துவது என்று காது சொல்லும். சிக்கினால் பென்சிலால் முற்றை அடிக்கோடிட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். இரண்டு முறை படித்தும் எழுவாய் ஓரிடம், பயனிலை ஓரிடமாக அலைந்தால், எழுதியவரே வழி தவறியிருக்கலாம். அந்த மாதிரிப் புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. கூச்சப்படாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.