பனியில ஓடலாமுங்களா?

‘பனி’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு தமிழில் நாம் படுத்தும் பாடு கொஞ்சமல்ல! மார்கழியில் வாசல் கோலத்தை நனைப்பதும் பனி. மணாலியில் முழங்கால் வரை கொட்டுவதும் பனி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. ஊட்டி உறைபனி! பஸ் ஏறினால் சுமார் 85 கிலோமீட்டர்தான்.

கோவையில் 2013-ல் மாரத்தான் ஆரம்பித்ததிலிருந்து ஊரே ஓடுகிறது. விடிகாலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள்... ஆடிட்டர், மில் சூப்பர்வைசர், மாமனார், மருமகன் என்று சகலரும் ஆஜர். என் நண்பர் ஒருவர், பேங்க் கிளார்க், வயது 34. ‘சர்க்கரை இருக்கு’ என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே ஷூ வாங்கிவிட்டார். லட்சியம் 21 கிலோமீட்டர்.

“ஏனுங்க, குளுருல வேர்க்காதுல்லீங்க? ஊட்டியில ஓடிப் பார்த்தா என்னங்க?” என்றார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாக்கெட்டில் குளுக்கோஸுடன் போன ஜனவரியில் கிளம்பினோம்.

கோவை 411 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மேகமில்லாத ராத்திரிகளில் தரையிலிருக்கும் சூடு ஆகாயத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் காந்தல், தலைகுந்தா மாதிரிப் பள்ளங்களில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடக்கிறது. சில ராத்திரிகளில் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியைப் போர்த்திவிடுகிறார்கள். நமக்குக் குல்லா!

வெளிச்சம் வந்த பிறகே ஓட ஆரம்பித்தோம். இருட்டில் காட்டெருமை எதிரே வந்தால், அன்றைய பயிற்சி ஓட்டப் பந்தயமாகிவிடும். ஃபிங்கர்போஸ்ட், ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இயங்கிய இந்து நகர், அப்புறம் தலைகுந்தா. போக வர ஏறக்குறைய 16 கிலோமீட்டர். போகும்போது நண்பர் குஷியாக இருந்தார். கார்களின் மேல் படிந்த பனியை விரலால் வழித்து, “ஐஸ்கிரீமுங்க!” என்றார்.

திரும்பும்போது ஏற்றம். ஓரிடத்தில் நின்றே விட்டார். “நெஞ்சு வலியா?” என்றேன். “இல்லீங்க, மூச்சுதான் வாங்குது” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “ஒரு வருஷமா ஓடறனுங்க. இன்னும் இப்படித்தான்னா... என்ற பொண்ணுக்கு ஏழு வயசுதானுங்க ஆகுது.”

ஓட்டத்துக்குப் பின்னால் இருந்த பயம் அப்போதுதான் தெரிந்தது. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் கணக்குச் சொன்னேன். “கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதே மூச்சு, ஆனால் ஆக்ஸிஜன் வரவு கம்மி. செலவை மட்டும் கோவை ரேட்டில் செய்தால் துண்டு விழாதா?” ரியோ ஒலிம்பிக்ஸில் (2016) ஸ்டீபிள்சேஸ் ஃபைனல் வரை போன லலிதா பாபர் ஊட்டியில் பயிற்சி எடுத்தவர்தான். அப்பேர்ப்பட்டவர்களே உயரத்துக்கு உடம்பு பழக வாரக்கணக்கில் அவகாசம் தருகிறார்கள். நாமோ சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்!

மீதி தூரத்தை நடந்தும் ஓடியுமாக முடித்தோம். டீக்கடையில் வர்க்கியை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லாத டீ சொன்னார். “ஓடறதுக்கா காசு குடுத்து பஸ் ஏறி வந்தீங்க?” என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் இல்லை.

குளிரில் ஓடக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பத்து நிமிஷம் வேகமாக நடங்கள். குளிர்ந்த தசை சட்டென்று வளையாது. காட்டன் பனியன் வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு நடுங்க வைக்கும். கைக்கு உறை போடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ஓடி முடித்ததும் ஈரத்துணியை உடனே மாற்றுங்கள். நெஞ்சு வலித்தால் ஓட்டம் அத்தோடு சரி, நேரே டாக்டரிடம்தான்.

அடுத்த ஞாயிறு ரேஸ்கோர்ஸில் நண்பரைப் பார்த்தேன். நிதானமாக, பேசிக்கொண்டே ஓடினார். “மணி என்னங்க?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க... வாட்ச்சை வூட்டுலயே வெச்சுட்டனுங்க!”