மார்க் ஷீட் இல்லை, மெஷின்!

சுகர் மெஷின் வாங்குறது சுலபம் மக்களே. அதை வீட்டுப் பெரியவங்களை எடுக்க வைக்கிறதுதான் கஷ்டம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒண்ணு 2023ல வெளிவந்துச்சு. இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை வியாதி இருக்காம். ஆனா எனக்குத் தெரிஞ்ச நிறைய வீடுகள்ல மெஷின் பீரோவுலதான் தூங்குது.

காரணம் ஊசி வலி இல்லை. அந்த நம்பரை மார்க் மாதிரி பாக்குறோம், அதான். எங்கம்மாவுக்கு 68 வயசு, அப்பாவோட கும்பகோணத்துல இருக்காங்க. நாளைக்கு டெஸ்ட்னா இன்னிக்கு ராத்திரியே பட்டினி கிடப்பாங்க. ரிசல்ட் நல்லா வந்தா "பாஸாயிட்டேன்டா"ன்னு போன். கூட வந்தா போனே வராது :-)

அதனால வீட்டுல ஒரு சட்டம் போட்டோம். என்ன நம்பர் வந்தாலும் யாரும் திட்டக்கூடாது. மாத காலண்டர் கட்டத்துல நம்பரையும், என்ன சாப்பிட்டாங்கன்னும் எழுதணும். அவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சு அம்மாவே கண்டுபிடிச்சாங்க. மூணு இட்லி, சாம்பார்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு 168. வெண்பொங்கல்னா 231. "பொங்கலுக்கு என்மேல ஏதோ கோபம்டா"ன்னாங்க. நான் பத்து வருஷமா சொன்னப்ப ஏறாதது, காலண்டர் சொன்னதும் ஏறிடுச்சு.

அப்புறம் ஒரு ஏகாதசி. சாயங்காலம் அப்பா போன் பண்றார். "அம்மாவுக்குக் கை நடுங்குது, வேர்க்குது. கேட்டா விரதம்னா அப்படித்தான்ங்கறா." மெஷின்ல பாருங்கப்பான்னேன். 58. எழுபதுக்குக் கீழ போனாலே லோ சுகர். உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கச் சொன்னேன். "விரதம் முறிஞ்சுடுமே"ன்னு அம்மா குரல் கேக்குது. "பெருமாள் கோச்சுக்க மாட்டார், குடி"ன்னு அப்பா. பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா 84. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அம்மா எடுக்கிறது கிளிமிபிரைடு மாத்திரை. நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். விரத நாள்ல என்ன பண்ணணும்னு இப்போ டாக்டர் தனியா எழுதிக் குடுத்திருக்கார். அன்னிக்கு மெஷின் பீரோவுல இருந்திருந்தா, அது விரதக் களைப்புன்னே போயிருக்கும்.

இந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. 1970 வாக்குல அமெரிக்காவுல வந்த மெஷின் ஒரு கிலோவுக்கு மேல எடை. டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான் விற்பாங்க. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன்னு ஒரு இன்ஜினியர், சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை நோயாளி. மனைவி டாக்டர்ங்கறதால அவங்க பேர்ல ஒண்ணு வாங்கி, தன்னைத்தானே தினமும் டெஸ்ட் பண்ணிப் பழகினார். அவர் சொன்னதை டாக்டர்கள் காதுல வாங்கலை. 45 வயசுல மருத்துவக் கல்லூரியில சேர்ந்து அவரே டாக்டர் ஆயிட்டார்! நோயாளி தன் நம்பரைத் தானே தெரிஞ்சுக்கறதுக்கே இவ்வளவு போராட்டம்.

வீட்டுல ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு விஷயம்:

1. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டுக் குத்தணும். மாம்பழம் உரிச்ச கையோட குத்தினா மாம்பழத்தோட சுகரும் சேர்ந்து வரும்.
2. விரல் நுனியில நடுவுல வேணாம், பக்கவாட்டுல குத்துங்க. வலி கம்மி.
3. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடணும், காலாவதி தேதி பாக்கணும்.
4. 140ம் 150ம் மெஷினுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். பதறாதீங்க.

இப்பல்லாம் பக்கத்து வீட்டு மாமி எங்கம்மாகிட்ட வந்து விரல் நீட்டுறாங்களாம். ஒவ்வொருத்தருக்கும் புது ஊசிதான் போடணும்னு அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுறது, குறைக்கிறதெல்லாம் உங்க டாக்டரைக் கேட்டுத்தான்.