இரண்டு சாண் மேடை

நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிவர நாங்கள் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் மூன்று பர்னர் அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க், நாலு பேருக்குத் தட்டு தம்ளர் என்று எல்லாம் இருந்தன. காய் நறுக்கத்தான் இடம் இல்லை. அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே இரண்டு சாண் அகலத்தில் ஒரு பட்டை. அதுதான் மேடை. அதிலும் பாதியைக் கெட்டில் பிடித்துக்கொண்டிருந்தது.

கிறைஸ்ட்சர்ச்சில் நர்ஸாக இருக்கும் என் தங்கைதான் வண்டியை ஓட்டினாள். அந்த ஊரிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் போக்குவரத்து. ஆனாலும் அவ்வளவு நீள வண்டியை மலை வளைவில் திருப்பும் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆகவே சமையல் என் பங்குக்கு வந்தது. "அக்கா, நீ ஒண்ணும் சிரமப்பட வேண்டாம், பிரெட்டும் சூப்பும் போதும்" என்றாள். டெகாப்போ ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திய அன்று மாலையே, "ரசம் வைக்க முடியுமா?" என்று கேட்டவளும் அவள்தான்.

அந்த நாட்டில் ஊருக்கு வெளியே பொது இடங்களில் வண்டியை நிறுத்தி இரவு தங்க வேண்டுமானால், பல இடங்களில் வண்டி 'தன்னிறைவு' பெற்றது என்று சான்றிதழ் ஒட்டியிருக்க வேண்டும். 2023-இல் வந்த சட்டம் இதைக் கடுமையாக்கி, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும் என்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளுக்கு நல்ல தண்ணீர், கழிவுநீருக்கு மூடிய தொட்டி, அதோடு இணைத்த சிங்க் எல்லாம் கணக்கில் உண்டு. மேடையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வண்டி கட்டுகிறவர்களும் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் விழுந்த மூலையைச் சமையலுக்குக் கொடுக்கிறார்கள்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மேடை வேறு உருவங்களில் ஒளிந்திருப்பது தெரியும். அடுப்பின் மேல் ஒரு கண்ணாடி மூடி. அதைக் கவிழ்த்தால் மேடை. சிங்க்குக்கு ஒரு மூடி. அதுவும் மேடை. கதவோரத்தில் மடக்குப் பலகை ஒன்று. அதைத் தூக்கி நிறுத்தினால் மேடை நீளும், ஆனால் வாசல் பாதி அடைபடும். மேல் இழுப்பறையைப் பாதி இழுத்து அதன்மேல் நறுக்குப் பலகையை வைக்கலாம். இழுப்பறை நகராமல் இடுப்பால் அணை கொடுத்துக்கொண்டே வெங்காயம் அரியலாம்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதுதான் சங்கதி. அடுப்பைப் பற்றவைத்தால் கண்ணாடி மேடை போச்சு. அணைத்த பிறகும் பர்னர் ஆறும்வரை மூடக் கூடாது, சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும். சிங்க்கில் கழுவாத பாத்திரம் கிடந்தால் அந்த மேடையும் இல்லை. வீட்டில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடிக்கும் நேரத்தில் வெங்காயத்தை அரிந்து போடுகிற கை என்னுடையது. இங்கே அந்த வித்தை செல்லாது. முந்தைய வேளைப் பாத்திரத்தைக் கழுவி, சிங்க்கை மூடி, எல்லாவற்றையும் நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, பலகையை உள்ளே வைத்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். இடம் போதவில்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் போதாதது இடமல்ல, வேலையின் வரிசைதான்.

இந்த வரிசையை முன்பே கணக்குப் போட்டவர் ஒருவர் உண்டு. 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். கிட்டத்தட்ட 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அவர் முன்மாதிரியாகப் பார்த்தவற்றில் ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையும் ஒன்று. சமைக்கிற ஒற்றை ஆள் எத்தனை அடி நடக்கிறார், எந்தச் சாமானுக்குக் கை நீட்டுகிறார் என்று எண்ணிப் பார்த்து இழுப்பறைகளை அமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அதில் ஒருவர்தான் நிற்க முடியும், பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பிற்காலத்தில் அதைக் குறை சொன்னார்கள். எங்கள் வண்டியிலும் ஒருவர்தான் நிற்கலாம். ஆனால் தங்கை உதவ வராத ஒவ்வொரு வேளையும் சமையல் சீக்கிரம் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மேடையே தேவையில்லை. புகாக்கி ஏரிக்கரையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் நீரில் மிதந்து அந்த ஏரிக்குப் பால் கலந்த நீலத்தைக் கொடுத்திருக்கிறது. ஏரியின் மறுகோடியில் 3,724 மீட்டர் உயர அவோராக்கி சிகரம். அம்மா கூடத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து வம்பு பேசியபடி கூடை நிறையக் காய் அரிவது நினைவுக்கு வந்தது. நின்றுகொண்டு சமைப்பது நமக்குக் கேஸ் அடுப்போடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மேடையில் செய்யும் வேலையைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் முடித்துவிடுவது இன்னொரு வழி. தங்கை வீட்டிலேயே புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு விழுது, பருப்புப்பொடி எல்லாம் தயாரித்துப் பாட்டிலில் அடைத்துவிட்டோம். அஞ்சறைப்பெட்டியை எடுத்தபோது அவள் தடுத்தாள். வளைவுக்கு வளைவு மஞ்சள்தூள் கடுகோடு கலந்துவிடுமாம். அதற்குப் பதில் வாரம் முழுவதற்கும் மாத்திரை போட்டுவைக்கும் ஏழறை டப்பா ஒன்றைக் கொடுத்தாள். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி, அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். திங்களில் கடுகு, செவ்வாயில் சீரகம், புதனில் உளுத்தம்பருப்பு, வெள்ளியில் பெருங்காயம். "சனிக்கிழமையை எடு" என்றால் மிளகு வரும். 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாயை ஏறி இறங்கியும் ஒரு கடுகுகூடச் சிந்தவில்லை.

அகலம் இல்லாத இடத்தில் உயரம் கைகொடுக்கும். சின்ன குக்கர், உள்ளே அடுக்கு. கீழே பருப்பு, மேலே அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு. ஒரே பர்னரில் ஒரு சாப்பாடு. விசில் வந்தபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார் என்பது வேறு கதை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள் நல்லவை. சுவரில் மாட்டும் கொக்கி, காந்தப் பட்டை, சிங்க்மேல் நிற்கும் தட்டு அலமாரி இவற்றில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வண்டி ஓடும்போது அத்தனையும் கச்சேரி செய்யும். நிறுத்தும் இடமெல்லாம் கழற்றி மாட்டவே ஆள் வேண்டும்.

மேடைக்காகச் சிங்க்கை அவசரமாகக் காலிசெய்யும்போது சாம்பார் மீதியை அதில் கொட்டினால் கழிவுத் தொட்டி மறுநாள் வண்டி முழுக்க அதை நினைவூட்டும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவது தண்ணீருக்கும் மூக்குக்கும் நல்லது.

எல்லா மேடைகளிலும் பெரியது வெளியே இருப்பது. மடக்கு மேசையைப் புல்லில் போட்டால் கல்யாணத்துக்கே சமைக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஊரும் அதற்கு ஒரு தடை வைத்திருக்கிறது. டெகாப்போவும் மெக்கன்சி சமவெளியும் 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம். நட்சத்திரம் பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் விளக்கைப் போட்டுக்கொண்டு தோசை வார்ப்பது மரியாதையில்லை. புகாக்கியில் காற்று. அடுப்பை அணைக்கும், தட்டையும் தூக்கும். ஹாஸ்ட் கணவாய் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கினால் சாண்ட்ஃபிளை எனும் கடிக்கும் பூச்சி. 1773-இல் இதற்கும் தெற்கே டஸ்கி சவுண்டில் தங்கிய கேப்டன் குக்கே இவற்றைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். கதவை அரை நிமிடம் திறந்தால் போதும், கணுக்கால் முழுக்கத் தடிப்பு.

கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு சமைக்கவும் வழியில்லை. கேஸ் எரியும்போது காற்றோட்டம் கட்டாயம், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதோடு மிளகாய் கருகும் முன்பே புகை அலாரம் ஊரைக் கூட்டும்.

வழி சொன்னவள் தங்கைதான். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் சாண்ட்ஃபிளையால் பறக்க முடியாது. புகாக்கியில் நாங்கள் திட்டித் தீர்த்த காற்றை மேற்குக் கரையில் தேடிக்கொண்டு போனோம். கடலைப் பார்த்த மேடான இடமாகத் தேர்ந்து, கதவு காற்றைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினாள். மடக்குப் பலகையைத் தூக்காமல் வாசலை முழுசாகத் திறந்துவைத்தேன். திங்களையும் வெள்ளியையும் எண்ணெயில் போட்டேன். அலாரம் வாய் திறக்கவில்லை.

"அக்கா, அப்பளம் இருக்கு. சுட்டுடலாமா?"

"சுட்டதை எங்கேடி வைக்கிறது?"

ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.