நிற்கவும் வேண்டும்

ஒரு வாகனத்தைப் பற்றி நாம் முதலில் கேட்பது, "நல்லா ஓடுமா?" என்பதுதான். "நல்லா நிற்குமா?" என்று கேட்பவர்கள் குறைவு. எங்களுக்கு இந்தப் பழக்கம் யுத்த காலத்தில் வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் போனது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் அந்தக் கார்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. அன்றைக்கு ஓடினால் போதும். பிறேக்கைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது?

இன்று நிலைமை வேறு. தம்புள்ளையில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்து விற்கிறோம். 1999இல் தொடங்கிய விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவு பகலாக மரக்கறி லொறிகள் வருகின்றன. சாரதிகளும் சுமை தூக்குபவர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள். பார்சல்களைக் கொண்டுபோவதும், மாத்தளைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவதும் அப்பா விட்டுச் சென்ற 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார்தான். ஓட்டுவது நான். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஆனாலும் புதிய வாகனத்தின் விலை எங்களுக்கு எட்டாது. ஆகவே இருப்பதைப் பாதுகாக்க வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. சில நாடுகளுக்குப் பகுதி பகுதியாக அனுப்பி, அங்கே வைத்துப் பொருத்தினார்கள். இந்தியாவில் அது 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது. ஓர் ஆண்டுக் காரின் பாகம் பல சமயம் இன்னோர் ஆண்டுக் காருக்குப் பொருந்துவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

ஒரு நாள் நாலந்தைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபோது கார் இடது பக்கம் இழுத்தது. பின் ஆசனத்தில் எங்கள் குழுவின் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். இரண்டாவது கியருக்கு இறக்கி, மெதுவாக ஓரம் கட்டினேன். அந்த மாதச் சீட்டுக்காசில் காருக்குப் பெயின்ற் அடிப்பதாக இருந்தோம். அன்று மாலையே கூடிப் பேசி, அந்தக் காசைப் பிறேக்குக்கு ஒதுக்கினோம்.

கராஜில் வேலை செய்த தம்பி ஒருவர், "முன்னுக்கு மட்டும் வேறு காரின் டிஸ்க் பிறேக் போடுவம் அக்கா, சட்டென்று நிற்கும்" என்றார். அங்கிருந்த வயதான பாஸ் சிரித்தார். "நங்கி, முதலில் இருப்பதைத் திறந்து பார்ப்போம்" என்றார். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பழைய பிறேக் லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

மைனரின் நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக்தான். மிதியை மிதித்ததும் பிறேக் ஒயில் குழாய்கள் வழியே தள்ளப்பட்டு, சில்லுக்குள் இருக்கும் சிறிய சிலிண்டர்களுக்குப் போகும். அவை பிறை வடிவான ஷூக்களை, சுழலும் ட்ரம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். எங்கள் காரில் வலது முன் சில்லின் சிலிண்டர் கசிந்து லைனர் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் பிடிக்காததால் கார் இடதுபுறம் இழுத்தது.

டிஸ்க் போடுவது கெட்ட யோசனை அல்ல. டிஸ்க் காற்றில் வெளியே இருப்பதால் சூடு விரைவில் ஆறும். நீண்ட இறக்கத்தில் பிறேக் தளராது. ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் வேலை முடியாது என்று பாஸ் விளக்கினார். ட்ரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்துப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. மிதி கடினமாகும், அதற்கு சேர்வோ தேவைப்படலாம். மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு பொருந்தாவிட்டால் ஏதாவது ஒரு பக்கச் சில்லு முந்திப் பூட்டிக்கொள்ளும். முன் சில்லு பூட்டினால் ஸ்ரேரிங் திருப்பிப் பயனில்லை; பின் சில்லு பூட்டினால் கார் சுழன்றுவிடும்.

எங்கள் கார் கூடிய வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே வேறு வழி எடுத்தோம். எங்கள் காரின் முன் ட்ரம் 7 அங்குலம். 1962இல் வந்த 1098 சிசி மைனரில் அது 8 அங்குலம். உடைத்து விற்ற அப்படியொரு காரிலிருந்து இரண்டு முன் சில்லுகளின் ட்ரம்களையும் அவற்றைத் தாங்கும் தகடுகளையும் முழுமையாக வாங்கினோம். ஷூ, சிலிண்டர், இறப்பர் குழாய், உலோகக் குழாய் எல்லாம் புதிது. பின் சிலிண்டர்களையும் மாற்றினோம். ஆளில்லாத நேர்வீதியில் ஓட்டிப் பார்த்தபோது கார் இழுக்காமல் நேராக நின்றது.

இந்தக் காரில் ஒயில் போவது ஒரே வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் பிடியை இழக்கும். கேபிளால் இயங்கும் கைப்பிறேக் ஒன்றுதான் அப்போது மிஞ்சும். அதையும் இறுக்கிச் சரிபார்த்தோம். இரண்டு வழியாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர் போடுவது அடுத்த சீட்டுக்காசின் வேலை.

சகோதரிகளே, வாகனப் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தால் எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். அங்கே புகையைத்தான் பார்ப்பார்கள். உங்களுடையது காரானாலும், ஒயில் பிறேக் உள்ள ஓட்டோவானாலும் இவற்றை நீங்களே கவனிக்கலாம். ஒயில் மட்டம் குறைகிறதா? மிதி ஆழமாகப் போகிறதா, பஞ்சு போல் இருக்கிறதா? ஒரு பக்கம் இழுக்கிறதா? சில்லின் உட்புறம் ஈரம் தெரிகிறதா? பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் மிதித்தும் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இயந்திர ஒயிலை ஒருபோதும் அதற்குள் விடாதீர்கள். இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கராஜுக்குப் போனால் வெளியே கதிரையில் இருக்காமல் சில்லுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள். "இது உங்களுக்கு விளங்காது" என்றால், "விளங்கும்படி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எங்களில் பலர் வீட்டுக்கு ஒருத்தியாக உழைக்கிறோம். நாம் வீடு திரும்புவதை நம்பியே பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் காரின் பெயின்ற் இன்னும் அங்கங்கே உரிந்துதான் கிடக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.