பாய் இழைத்தவரும் மதில் கட்டியவரும்

குஜராத் சுல்தான் முதலாம் அஹ்மத் ஷா 1411 இல் தன் பாட்டனார் முஸப்பர் ஷாவுக்குப் பின் அரியணை ஏறினார். அன்றைய தலைநகர் பாட்டன். அதே ஆண்டிலேயே சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் புதிய தலைநகரொன்றுக்கு அத்திவாரம் போட்டார். அதுதான் அஹமதாபாத்.

அசர் தொழுகையை ஒருநாளும் தவறவிடாத நான்கு அஹ்மதுகள் கூடி அந்த அத்திவாரத்தை இட்டார்கள் என்பது அவ்வூர் வழக்கு. சர்கேஜில் அடங்கியிருக்கும் ஷெய்க் அஹ்மத் கத்து அவர்களில் ஒருவர், சுல்தான் இன்னொருவர். நம்மவர் மேடைகளில் இந்தக் கதை நன்றாக எடுபடும். எனக்குப் பிடித்தது வேறொரு கதை.

அந்தக் கரையில் மாணெக்நாத் என்றொரு சாது இருந்தார். பகலில் மதில் எழும்ப எழும்ப அவர் ஒரு பாயை இழைப்பார். மாலையில் பாயைப் பிரிப்பார். மதில் சரிந்து விழும். சுல்தான் அவரைத் தேடி வருகிறார். இதற்குப் பின் கதை இரண்டாகப் பிரிகிறது. "உமது வித்தையைக் காட்டும், இந்தச் சிறிய கூஜாவுக்குள் புகுந்துவிடும் பார்ப்போம்" என்று சொல்லி, புகுந்தவரை உள்ளேயே வைத்து மூடிவிட்டதாக ஒரு கதை. சாதுவின் மனக்குறையைக் கேட்டு, ஒரு கொத்தளத்துக்கு அவர் பெயரை வைத்துச் சமாதானமானதாக மற்றது. மாணெக் புர்ஜ் என்ற அந்தக் கொத்தளம் எல்லிஸ் பாலத்தருகே இருக்கிறது. ஜும்ஆப் பள்ளிக்கும் சுல்தானின் கப்றுக்கும் பக்கத்துச் சந்தையும் மாணெக் சௌக்தான். காலையில் மரக்கறி, பகலில் பொன், இரவில் சாப்பாட்டுக் கடைகள்.

சாதுவுக்கு முன்பும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆசா பீலின் ஆசாவல், பிறகு சோலங்கி அரசன் கர்ணனின் கர்ணாவதி. வெறும் மண்ணில் எழுந்த தலைநகரம் ஏதும் இருக்கிறதா தெரியவில்லை. அஹ்மத் ஷாவை வலியுல்லாவாக்கவும் நான் வரவில்லை. 1442 இல் மௌத்தாகும்வரை மால்வாவோடும் ஈடரோடும் போர் செய்தவர். கோவில்கள் மீது அவர் படை போனதையும் நம் வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கூஜாக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. அதே நகரில் 2002 இல் கவிஞர் வலியின் கப்றை இடித்து, அதன்மேல் தார் ஊற்றி வீதி போட்டார்கள். கூஜாவை மூடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் நாங்களும் அடக்கம். எனக்கு அப்போது பத்து வயது. மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி கற்பிட்டியில் இறங்கினோம். யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு இருந்தது. கிணற்றடியில் கிடுகுக் கொட்டில் போட்டு ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களும் ஷெல்லுக்குத் தப்பி ஓடி வந்தவர்கள்தான். உம்மாவின் கையில் உறுதி இருந்தது. அந்தப் பெண்ணிடம் இருபது வருசம் இருந்தது. பத்து மாதம் பேசினோம். சில நாள் கத்தினோம். இப்போது வேலி இருக்கிறது, கிணறு வேலிக்கு நடுவில். இரண்டு பக்கமும் கப்பி. உம்மாவுக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சமாதானக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இரண்டையும் சொன்னேன். பொடியன்கள், எதிர்பார்த்தபடி, கூஜாவுக்குள் ஆள் எப்படிப் புகுந்தார் என்று அடிபட்டார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "பகல் முழுக்க இழைச்ச பாயைத் தானே பிரிக்கிறதெண்டா, அவருக்கு எவ்வளவு கோவம் இருந்திருக்கும் சேர்?" என்று கேட்டாள். அவளுடைய தாய் பனையோலைப் பாய் இழைத்து விற்கிறவர்.