பழைய ஒஸ்ரினின் முன்கூடு

பழம்பொருள் பேணல் இன்று வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளின் முன்னே மாலை சூட்டி நிறுத்தப்படும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் மினுமினுப்பை வியப்போர் பலர். அவை இத்தனை காலம் எவ்வாறு ஓடின என்று கேட்போர் மிகச் சிலர்.

மறைந்த எமது மாமனார் மரக்கறி ஏற்றிய ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் வண்டியின் முன்கூட்டை, அதாவது சாரதி அமரும் பகுதியை, கடந்த விடுமுறையில் வீட்டிலேயே திருத்த முனைந்தோம். பேர்மிங்காம் நகரத்து லோங்பிரிட்ஜ் ஆலையில், 1947க்குப் பிந்திய ஆண்டுகளில் உருவான இனம் அது. 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 10 அந்தர் பாரம். கூடும் அடிச்சட்டமும் ஒன்றாய் அமையாமல் போல்ற்றுகளாற் பிணைக்கப்பட்டவை. ஆகவே ஒரு சங்கிலிக் கப்பியும் நாலு பேரின் தோள்வலியும் தடித்த மாங்கிளையும் இருந்தாற் கூட்டைத் தனியே தூக்கிவிடலாம்.

தூக்கிய பின்னரே தெரிந்தது, ஆலையின் இரும்பு அதிற் பாதிதான் என்பது. உப்புக்காற்றுத் தின்ற தளத்துக்கு வேப்பம்பலகை. பின்சுவருக்கு எண்ணெய்ப் பீப்பாய்த் தகரம். கூரையைத் தாங்கப் பூவரசஞ் சட்டம். இறக்குமதி இறுக்கப்பட்ட எழுபதுகளிற் சில, போர்க்காலத்திற் பல. இயந்திரத்துக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள தகட்டில் விரலளவு துளையொன்றும் இருந்தது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் பெற்றோல் தடைப்பட்டு, வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயிற் பற்றாது; காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் வேண்டும். கூட்டுக்குள் தொங்கிய சிறு போத்தலிலிருந்து, வைத்தியசாலை கழித்த சேலைன் குழாய் அத்துளை வழியே சென்றதாம். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அந்த மட்டமான எரிபொருளையும் அது பொறுத்துக்கொண்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, இந்தக் கூட்டுக்குள்ளே மூன்று கிழவிகளும் ஒரு கைக்குழந்தையும் இருந்தனர் என்பார் மாமனார்.

வேலைக்கு வந்த தச்சர் பூவரசஞ் சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்த்தார்.

“இது அப்பாவின்ரை வேலை, மாஸ்டர். அவர் மூலைக்கு ஆணி அடிக்கமாட்டார். கழுந்து வைச்சுத்தான் இறுக்குவார்.”

கனடாவிலிருக்கும் மைத்துனருக்கோ வேறு எண்ணம். “அத்தான், உந்தப் பலகையளைக் கழட்டி எறியுங்கோ. கராஜிலை குடுத்து, கொம்பனியிலை வந்த மாதிரியே செய்விப்பம், கலியாணத்துக்கு வாடகைக்கு விடலாம்” என்றார் தொலைபேசியில். கராஜ்காரர் சொன்ன தொகை எமது பல மாதச் சம்பளம்.

மைத்துனர் கூற்றை முற்றாகத் தள்ளவும் இயலாது. பலகையில் மட்டும் ஆசனத்தை நிறுத்துவது ஆபத்து. ஆதலால் தளத்தின் கீழே இரும்புக் கோணச்சட்டங்களை வைத்து அடிச்சட்டத்தோடு இறுக்கி, ஆசனப்பட்டியையும் அவற்றிலேயே பூட்ட முடிவுசெய்தோம். ஆயின் “கொம்பனியில் வந்த மாதிரி” என்னும் அளவுகோலை நாம் ஏற்கவில்லை. அவ்வளவுகோலின்படி லோங்பிரிட்ஜ் தொழிலாளியின் உழைப்பு வரலாறு. எம் அயலவரின் உழைப்போ துடைத்தெறிய வேண்டிய அழுக்கு! இயந்திரம் ஒரு தடவை பிறக்கிறது. பின்பு அதனை உயிரோடு வைத்திருக்க எத்தனை கைகள் வேண்டும்!

அந்தக் கைகளை எம் வீடு எவ்வாறு நடத்திற்று? மாமனாரிலும் பத்து வயது மூத்த அத்தச்சரை, எம் வீட்டுச் சிறுவரும் பெயர்சொல்லி “நீ” என்றே அழைத்தனராம். தேநீர் வெளிக்கொட்டிலில், அதற்கென ஒதுக்கிய பேணியில். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மாமனாரின் பெயர், முகப்பில் ஆலையின் பெயர்; தச்சரின் பெயர் எங்குமில்லை.

துளையை அடைக்காமல் விட்டோம். புதிய பின்பலகையில் தந்தையின் பெயரைச் செதுக்குமாறு மகனைக் கேட்டோம். அவர் உளியைத் துடைத்தபடி சற்றுநேரம் பேசாதிருந்தார்.

“பேர் கிடக்கட்டும், மாஸ்டர். முதல்லை கூலியைப் பேசுவம். கராஜ்காரர் கேட்ட காசிலை பாதி தாங்கோ.”

உடன்பட்டோம். வேப்பம்பலகைகள் இப்போது தாழ்வாரத்து நிழலில் உலர்கின்றன.