கோடவுன் தெருவும் ஒரு தட்டு அத்தோவும்

சென்னை கோடவுன் தெருவுக்குப் போனா கை சும்மா இருக்காது.
கடைக்குக் கடை துணியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே நடப்பேன்.

இன்னைக்குப் பாவாடைக்குப் பூப்போட்ட காட்டன் வாங்கினேன்.

ஃபேஷன் படிக்கிறதுன்னா படம் வரையிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க.
எனக்கு அதுல பாதி துணியைப் புரிஞ்சுக்கிறதுதான்.

அதே துணிதான். நேரா வெட்டினா விறைப்பா நிக்கும்.
45 டிகிரி சாய்ச்சு கிராஸா வெட்டினா உடம்போட வளைஞ்சு விழும்.
1920கள்ல பாரிஸ்ல டிசைனர் மேடலின் வியோனே இதை வச்சே பேர் வாங்கினாங்க.
எங்க தெரு டெய்லர் அண்ணனும் ஜாக்கெட்டுக்கு இதைத்தான் பண்றார்!

கிராஸா வெட்டின உடனே கீழ் ஓரத்தை மடிச்சு அடிக்கக் கூடாது. ஒரு ராத்திரி தொங்கவிடணும்.
துணி தன் எடைக்கு இறங்கும். அப்புறம்தான் சமமா வெட்டணும்.

பசிச்சா பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ.
நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பொரிச்ச பூண்டு. கையாலயே பிசைஞ்சு தருவாங்க. கூட வாழைத்தண்டு சூப்.
1960கள்ல பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. ஒவ்வொரு வாயிலயும் அவங்களை நினைச்சுக்கிறேன்.

அடுத்து ஈரோடு போறேன். நல்ல கட்பீஸ் கடை தெரிஞ்சவங்க சொல்லுங்களேன். அங்க சாப்பிட என்ன நல்லா இருக்கும்?